முத்திரை வைத்த மாத்திரை

நம்முடைய தகப்பனார் காலமாகிப் பதினாறாம் நாள் காரியமும் முடிந்த பிறகு, அவருடைய மர அலமாரியை ஒழிக்கும் வேலை நம் தலையில் விழுந்தது. கீழ்த்தட்டில், பழைய பஞ்சாங்கங்களுக்குப் பின்னால், காலிப் புட்டிகள் வரிசையாக நின்றன. எண்ணிப் பார்த்தோம், 23 இருந்தன. எல்லாம் ஒரே சரக்கு. தண்ணீரில் போட்டால் நுரைத்துப் பொங்கும் ஜீரண உப்பு. இது நடந்தது 1989-ஆம் வருஷத்தில். அந்தப் புட்டிகளில் பாதிக்கு மேல் கடைக்குப் போய் வாங்கி வந்தவர் வேறு யாருமல்ல, நாமேதான்.

அந்த உப்பின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அதன் பேரில் நமக்கு வழக்கு ஒன்றும் கிடையாது. தருவதாகச் சொன்னதை அது ஒரு நாளும் தவறாமல் தந்தது. தொல்லையே அதனால்தான் வந்தது என்பதைப் பின்னால் சொல்லுகிறோம்.

அன்று முதல் நமக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. பழைய ஆங்கிலப் பத்திரிகைகள் எங்கே அகப்பட்டாலும் தலையங்கத்தை விட்டுவிட்டு, விளம்பரப் பக்கங்களையே புரட்டத் தொடங்கினோம். 1837 முதல் 1901 வரையில் விக்டோரியா மகாராணியார் அரசு செலுத்திய இங்கிலாந்தில், பத்திரிகை படிக்கிற குடும்பங்கள் யுத்தத்தைப் பற்றியும் பார்லிமெண்டைப் பற்றியும் எவ்வளவு படித்தார்களோ, அவ்வளவு தங்கள் வயிற்றைப் பற்றியும் படித்திருக்கிறார்கள்! பத்திக்குப் பத்தி அஜீர்ணம். பக்கத்துக்குப் பக்கம் பித்தம்.

அந்த நாட்டாருக்கு அப்படி என்ன வயிற்றுக் கோளாறு என்று நேயர்கள் கேட்கலாம். காரணங்களுக்குக் குறைவில்லை. கிராமத்தில் ஏர் பிடித்தவன் பட்டணத்துக்கு வந்து மேஜையின் முன் குனிந்து உட்கார்ந்தான். சாப்பாட்டு அளவை மட்டும் குறைக்கவில்லை. சீமாட்டிகள் இடுப்பை நாடாவினால் இறுக்கி, குடலுக்கு இருக்க இடமில்லாமல் செய்தார்கள். ரொட்டி வெள்ளையாக இருக்க வேண்டும் என்பதற்காக ரொட்டிக்காரர்கள் மாவில் படிகாரம் கலந்தார்கள். பெரிய மனிதர்களும் தப்பவில்லை. தாமஸ் கார்லைல் ஆயுள் முழுவதும் தம் வயிற்றோடு போராடினார். அவருடைய எழுத்தில் உள்ள சீற்றத்தில் ஒரு பங்கு இரைப்பையிலிருந்து வந்தது என்றே நமக்குத் தோன்றுகிறது. சார்லஸ் டார்வின் 1849-இல் குடும்பத்தோடு மால்வெர்ன் என்னும் ஊருக்குப் போய், டாக்டர் கல்லி என்பவரிடம் நீர்ச் சிகிச்சை பெற்றார். வியர்க்க வியர்க்க உட்கார வைத்து, பிறகு குளிர்ந்த நீரால் தேய்த்து, ஈரத்துணியைச் சுற்றிவிடுகிற சிகிச்சை அது.

டார்வினுக்கு மால்வெர்ன் போக வசதி இருந்தது. பஞ்சாலைத் தொழிலாளி எங்கே போவான்? அவனுக்காகத்தான் பீச்சம் வந்தார்.

தாமஸ் பீச்சம் 1820-இல் பிறந்தவர். ஆக்ஸ்போர்டுஷயரில் சிறு வயதில் ஆடு மேய்த்தவர். மூலிகை வைத்தியத்தில் கொஞ்சம் பழக்கம் ஏற்பட்டு, மாத்திரை உருட்டிச் சந்தைகளில் விற்கத் தொடங்கினார். 1847 வாக்கில் விகன் நகரிலும், 1859 முதல் ஸெயின்ட் ஹெலன்ஸ் நகரிலும் கடை நடந்தது. அந்த 1859-இல் உள்ளூர்ப் பத்திரிகை விளம்பரத்தில் ஒரு வாக்கியம் வெளியாயிற்று: டப்பி ஒன்று ஒரு கினி பெறும் என்று. ஒரு கினி என்றால் 21 ஷில்லிங். டப்பியின் விலையோ 1 ஷில்லிங் 1½ பென்ஸ். பதினெட்டு மடங்குக்கு மேல் பெறுமானமுள்ள சரக்கை இப்படி அள்ளிக் கொடுக்கிற தர்மவானை எந்த ஊரில் கண்டோம்!

அந்த மாத்திரை எவற்றுக்கெல்லாம் மருந்து என்று சொன்னார்கள் தெரியுமா? வாயு, வயிற்று வலி, தலைவலி, தலைச்சுற்றல், சாப்பிட்ட பின் வயிறு கனத்தல், பசியின்மை, மூச்சுத் திணறல், தூக்கமின்மை, பயங்கரக் கனவு. இந்த ஜாபிதாவைப் படித்து முடிப்பதற்குள் யாருக்குத்தான் இரண்டு மூன்று வியாதிகள் தம்மிடம் இருப்பதாகத் தோன்றாது? நமக்கு நான்கு இருந்தன.

உள்ளே இருந்தது என்ன என்பது 1909-இல் வெளியாயிற்று. பிரிட்டிஷ் வைத்தியச் சங்கத்தார் இரகசிய மருந்துகளை வாங்கிச் சோதித்து, இன்னின்ன சரக்கு, இன்ன அடக்கவிலை என்று ஒரு புத்தகமே போட்டார்கள். பீச்சம் மாத்திரையில் இருந்தவை கற்றாழைச் சாற்றைக் காய்ச்சி உறைய வைத்த கரியபோளம், சுக்கு, சோப்பு. இவ்வளவுதான். கரியபோளம் பேதிக்கு, சுக்கு வாயுவுக்கு, சோப்பு உருட்டுவதற்கு. 56 மாத்திரை அடங்கிய டப்பிக்குச் சரக்கு விலை ஏறக்குறைய அரைப் பார்த்திங் என்று கணக்கிட்டார்கள். ஒரு பென்னிக்கு நான்கு பார்த்திங். கணக்குப் போட்டுப் பார்த்தோம்: விற்ற விலை சரக்கு விலையைப்போல் 108 மடங்கு! முதல் இரண்டு சரக்கும் நம் ஊர் நாட்டு மருந்துக் கடைகளில் என்றும் கிடைப்பவை. நம்முடைய தாயாரிடம் சொன்னபோது, "சோப்பு எதற்கடா?" என்று மட்டும் கேட்டார்.

அது கிடக்கட்டும். அந்த ஒன்றரைப் பென்ஸ் ஏன் வந்தது என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1783-ஆம் வருஷம் முதல் இங்கிலாந்தில் தயார் மருந்துகளுக்குத் தீர்வை உண்டு. ஒரு ஷில்லிங்குக்கு உட்பட்ட மருந்தாயின் 1½ பென்ஸ். இரண்டரை ஷில்லிங் வரையில் 3 பென்ஸ். தீர்வை கட்டியதற்கு அடையாளமாகச் சர்க்கார் முத்திரைச் சீட்டு ஒன்றை டப்பியின் மேல் ஒட்ட வேண்டும். சர்க்காருக்கு வேண்டியது பணம். ஆனால் ஜனங்கள் என்ன நினைத்தார்கள்? ராஜாங்க முத்திரையே விழுந்திருக்கிறது. ராஜாங்கமே பரீட்சை செய்து ஒப்புக்கொண்ட மருந்து என்று நினைத்தார்கள். வியாபாரிகளும் அந்த எண்ணத்தைக் கலைக்க அவசரப்படவில்லை. முத்திரை இல்லாத சரக்குப் போலி, ஏமாறாதீர்கள் என்று எச்சரித்தார்கள்! இந்த மயக்கம் முற்றிப் போகவே, முத்திரை என்பது சர்க்காரின் உத்தரவாதம் ஆகாது என்ற வாசகத்தைப் பின்னாளில் முத்திரையிலேயே அச்சிட வேண்டி வந்தது. பொடி எழுத்தை யார் படிக்கிறார்கள்?

பேட்டண்ட் மருந்து என்ற பெயரும் இதே ரகந்தான். உண்மையான பேட்டண்ட் வாங்குகிறவன் தன் செய்முறையை எழுதிக் கொடுத்து உலகறியச் செய்ய வேண்டும். இவர்களோ செய்முறையை உயிரினும் மேலாக மறைத்தார்கள். சட்டமும் அதற்கு இடம் கொடுத்தது. 1875-இல் உணவுக் கலப்படத்தைத் தடுக்க ஒரு சட்டம் செய்தார்கள் அல்லவா? அதில் இந்தத் தனியுரிமை மருந்துகளுக்கு விலக்கு எழுதி வைத்தார்கள். ரொட்டியில் படிகாரம் கலந்தவன் குற்றவாளி. டப்பியில் இருப்பதைச் சொல்லாமல் விற்றவன் கனவான்.

இவற்றிலெல்லாம் நம்மை அதிகமாகச் சிரிக்க வைத்தது ரெவலெண்டா அராபிகா என்னும் அற்புத வஸ்து. பெயரைக் கேட்டவுடனே அரேபியாவின் பாலைவனமும் ஒட்டகங்களும் கண்முன் வருகின்றன அல்லவா? இது மருந்தே அல்ல, மருந்தில்லாமல் வியாதியைத் தீர்க்கும் உணவு என்றார்கள். தீராத அஜீர்ணம், மலச்சிக்கல், நரம்புத் தளர்ச்சி எல்லாம் தீர்ந்ததாகப் பிரபுக்களின் நற்சாட்சிப் பத்திரங்கள் விளம்பரத்தில் வரிசையாக வரும். ஒரு ராத்தல் 2 ஷில்லிங் 9 பென்ஸ். 1850-களின் தொடக்கத்தில் லான்ஸெட் என்னும் வைத்தியப் பத்திரிகையின் சார்பில் டாக்டர் ஆர்தர் ஹில் ஹாஸல் என்பவர் அதைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தார். என்ன தெரிந்தது? பருப்பு மாவு! நம் ஊர் மளிகைக் கடையில் மைசூர்ப் பருப்பு என்று நிறுத்துக் கொடுக்கிறார்களே, அதே சிவப்புப் பருப்பின் மாவில் கொஞ்சம் வாற்கோதுமை மாவைக் கலந்திருந்தார்கள். அந்தப் பருப்புச் செடிக்குச் சாஸ்திரப் பெயர் எர்வம் லென்ஸ். அதை ஒட்டி 'எர்வலெண்டா' என்று முதலில் ஒரு சரக்குப் புறப்பட்டது. முதலிரண்டு எழுத்துக்களை இடம் மாற்றினால் 'ரெவலெண்டா' ஆகிவிடுகிறது. பெயர் வைக்கும் சாமர்த்தியத்தில் நம் நாட்டு ஜோசியர்களும் இவர்களிடம் பாடம் கேட்க வேண்டும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். படிகார ரொட்டியும் மாட்டிறைச்சியும் தின்று சலித்த வயிற்றுக்கு, தினம் ஒரு வேளை பருப்புக் கஞ்சி கிடைத்தால் குணம் தெரியாமலா போகும்? நற்சாட்சி எழுதிய எல்லாரும் பொய்யர்கள் என்று நாம் சொல்ல மாட்டோம்.

ஈனோ என்பவரின் பழ உப்பும் அந்தக் காலத்துச் சரக்கே. ஜேம்ஸ் கிராஸ்லி ஈனோ நியூகாஸில் துறைமுகத்தில் மருந்துக் கடை வைத்திருந்தார். கப்பல்காரர்கள் மூலமாக உப்பு ஊர் ஊராகப் பரவிற்று. பிறகு லண்டனில் தொழிற்சாலையே ஏற்பட்டது. பழ உப்பு என்றாலும் பழத்தைத் தேட வேண்டாம். ஆப்ப சோடாவும் ஒரு புளிப்பு அமிலமும் சேர்ந்த தூள் அது. தண்ணீர் பட்டதும் இரண்டும் கலந்து கரியமில வாயு பொங்குகிறது. மிச்சமுள்ள காரம் இரைப்பையின் புளிப்பைத் தணிக்கிறது. பெரிய ஏப்பமாக வாயு வெளியேறுகிறது. இது பொய் அல்ல, ரஸாயனம். இதே ஆங்கில உப்பு இன்று இந்தியாவில் ஆயுர்வேத மருந்து என்ற அடையாளத்தோடு விற்பனையாகிறது. ஆப்ப சோடாவுக்கு ஸ்வர்ஜிக க்ஷாரம் என்றும், எலுமிச்சைப் புளிப்புக்கு நிம்புகாம்லம் என்றும் பெட்டியின் மேல் எழுதியிருக்கிறார்கள். அரேபியப் பருப்பு லண்டனுக்குப் போயிற்று; லண்டன் சோடா சம்ஸ்கிருதம் படித்துக்கொண்டு இங்கே வந்துவிட்டது!

குழந்தைகளின் வயிற்றையும் அக்காலத்தார் மறக்கவில்லை. 1851-இல் நாட்டிங்ஹாம் நகரத்து வில்லியம் உட்வர்ட் செய்த கிரைப் வாட்டர் நம் வீடுகளின் தொட்டிலருகில் எத்தனை தலைமுறை இருந்திருக்கிறது என்று நேயர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. அதன் பழைய செய்முறையில் சோயிக்கீரை விதையின் தைலம், சோடா, சர்க்கரை இவற்றோடு நூற்றுக்கு மூன்றரைப் பங்கிற்குச் சற்று அதிகமாகச் சாராயமும் இருந்தது. குழந்தை ஏன் அழுகையை நிறுத்திற்று என்று பாட்டிமார் ஆச்சரியப்பட்டிருக்க வேண்டாம்.

இத்தனை பரிகாசம் செய்த பிறகு, எதிர்க்கட்சிக்கும் நியாயம் பேச வேண்டும். பட்டம் பெற்ற டாக்டர்கள் அந்நாளில் பித்தத்துக்கும் அஜீர்ணத்துக்கும் என்ன கொடுத்தார்கள்? நீல மாத்திரை. அதில் இருந்தது பாதரசம்! பல் ஆடி, வாயில் எச்சில் ஊறும் வரையில் பாதரசம் தின்றவர்கள் உண்டு. அதற்கு டாக்டருக்குத் தனியே பீஸும் அழ வேண்டும். இந்த நிலைமையில், சந்தைக்காரன் கொடுத்த சுக்கு மாத்திரை எத்தனையோ தேவலை என்று ஓர் ஏழைத் தாய் நினைத்திருந்தால் அவள் முட்டாள் அல்ல. அவளுக்கு மலம் இளகிற்று, வயிறு லேசாயிற்று, ஒரு ஷில்லிங்கோடு காரியம் முடிந்தது.

பணம் எங்கே போயிற்று என்று கேட்டால், விளம்பரத்துக்கு. ஹாலோவே மாத்திரையின் அதிபர் தாமஸ் ஹாலோவே 1842-இல் வருஷத்துக்கு 5,000 பவுன் விளம்பரத்துக்குச் செலவழித்தார். 1883-இல் அவர் காலமானபோது அது 50,000 பவுனாக உயர்ந்திருந்தது. அவருடைய செல்வத்தில் பெண்களுக்கான ஒரு கல்லூரி எழும்பிற்று. 1886-இல் மகாராணியாரே வந்து திறந்து வைத்தார். பீச்சமின் பேரன் ஸர் தாமஸ் பீச்சம் உலகப் பிரசித்தி பெற்ற சங்கீத நிர்வாகியாகி, 1932-இல் லண்டன் பில்ஹார்மானிக் வாத்தியக் குழுவை ஸ்தாபித்தார். ஊர்ப்பட்ட மலச்சிக்கலிலிருந்து இவ்வளவு நல்ல சங்கீதம் பிறந்ததை நினைத்தால் கோபம் பாதி தணிந்துவிடுகிறது.

மறுபாதி தணியாததற்குக் காரணம் பத்திரிகைகள். அந்த 50,000 பவுன் யார் வீட்டுக்குப் போயிற்று? 1909-இல் வைத்தியச் சங்கத்தார் புத்தகம் போட்டபோது, அதன் விளம்பரத்தை ஏற்கவே பல பத்திரிகைகள் மறுத்துவிட்டன. 1912-இல் பார்லிமெண்டு ஒரு விசாரணைக் கமிட்டியை நியமித்தது. கமிட்டியார் இரண்டு வருஷம் சாட்சிகளை விசாரித்து, ஏராளமான பக்கங்களில் அறிக்கை எழுதி முடித்தார்கள். அது வெளியான தேதி 1914 ஆகஸ்டு 4. அதே தினத்தில் இங்கிலாந்து ஜெர்மனியோடு யுத்தத்தில் இறங்கிற்று. அறிக்கையை யார் சீந்துவார்கள்? டப்பியின் மேல் சரக்கைத் தெரிவித்தாக வேண்டும் என்ற சட்டம் 1941-இல்தான் வந்தது. முத்திரைத் தீர்வையும் அப்போதுதான் ஒழிந்தது.

நம் தகப்பனாரிடம் திரும்புவோம். அவர் பள்ளிக்கூட வாத்தியார். இரவு சாப்பிட்ட இரண்டு மூன்று மணி நேரத்துக்குப் பின் மார்க்குழிக்குக் கீழே ஓர் எரிச்சல் எழும். எழுந்து உட்காருவார். வெள்ளி டம்ளரில் நீர் வார்த்து உப்பைப் போடுவார். அது சீறிப் பொங்குவதைப் பார்க்க நாம் சிறு பையனாக அருகில் போய் நின்றதுண்டு. ஒரே மூச்சில் குடிப்பார், தெருக் கோடிக்குக் கேட்கும்படி ஓர் ஏப்பம், "ஆயிற்று!" என்பார். அந்த 'ஆயிற்று' என்ற சொல்லைப்போல் நிம்மதி தரும் சொல்லை நாம் பிறகு கேட்டதில்லை. அம்மா ஓமத் தண்ணீரும் அங்காயப் பொடியும் கொடுத்துப் பார்த்து, கடைசியில், "ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டி வாருங்கள்" என்று சொல்லத் தொடங்கினார். "நாளைக்குப் போகலாம்" என்பார் அப்பா. நாமும் சும்மா இருக்கவில்லை. உத்தியோகம் கிடைத்த முதல் மாதச் சம்பளத்தில் அவருக்குப் பெரிய புட்டியாகவே வாங்கிக் கொடுத்தோம். பத்திரிகையில் முழுப் பக்க விளம்பரம் பார்த்து, சகாயமாகக் கிடைக்கிறதென்று வாங்கியது.

ஏறக்குறைய ஐந்து வருஷம் இப்படி நடந்தது. ஒரு நாள் விடியற்காலையில் வயிறு பலகைபோல் கெட்டித்துப்போய், முழங்காலை மார்போடு கட்டிக்கொண்டு சுருண்டு கிடந்தார். குடலின் வாயிலில் வெகுநாளாக இருந்த புண் துளைத்துக்கொண்டு விட்டது என்று அறுவை செய்த டாக்டர் சொன்னார். மூன்றாம் நாள் எல்லாம் முடிந்தது. டாக்டர் நல்ல மனிதர், கோபமில்லாமல்தான் கேட்டார்: "இத்தனை நாள் வலிக்கவே இல்லையா?"

வலித்தது. வலித்த ஒவ்வொரு முறையும் பத்து நிமிஷத்தில் அதை நிறுத்திவிட்டோம். புண்ணை ஆற்றும் மாத்திரைகள் அந்த வருஷத்திலேயே கடைகளில் இருந்தன. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1982-லேயே இத்தகைய புண்களின் அருகில் ஒரு சிறு கிருமியைக் கண்டிருந்தார்கள். பிறர் நம்பாததால் மார்ஷல் 1984-இல் அந்தக் கிருமியைத் தாமே குடித்துத் தம் இரைப்பையில் அழற்சி உண்டாக்கிக் காட்டினார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்று ஒரு சோதனையும் இரண்டு வாரத்து மருந்தும் போதும். விக்டோரியா காலத்தில் இவை ஒன்றும் கிடையா. வீட்டு வேலை செய்த இளம் பெண்கள் திடீரென்று இரைப்பைப் புண் துளைத்து மாண்டதை அக்கால வைத்தியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். சாப்பிட்ட பின் வலி, குமட்டல் என்று அவர்களுக்கிருந்த குறிகளெல்லாம் டப்பி விளம்பரத்தில் அப்படியே இருக்கின்றன. அவர்களுக்கு டாக்டரிடம் போயும் பெரிய பயன் இருந்திராது. நம் தகப்பனாருக்கு இருந்தது.

சென்ற மாதம் ஒரு நாள் இரவு நமக்கே அந்த எரிச்சல் வந்தது. சமையலறை அலமாரியில் நுரைக்கும் உப்புப் பொட்டணம் ஒன்று இருப்பது தெரியும். விளக்கைப் போட்டு, டம்ளரில் நீர் வார்த்து, பொட்டணத்தைக் கிழித்தோம். உப்பு சீறிப் பொங்கிற்று. சத்தம் கேட்டு அம்மா வந்து வாசற்படியில் நின்றார். வயது எண்பத்து நான்கு. காது மந்தமென்று பெயர்.

"எத்தனை நாளாக?" என்று கேட்டார்.

"ஒரு வாரமாகத்தான். நாளைக்கு டாக்டரிடம் போகிறேன், அம்மா."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. டம்ளரை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு நம்மிடமே திருப்பிக் கொடுத்தார். பிறகு கூடத்துக்குப் போய், நம் சட்டையையும் பணப்பையையும் எடுத்து வாசல் கதவின் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டு, அதன் அருகிலேயே பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வைத்தியசாலையில் நமக்குக் கிடைத்த சீட்டின் எண் 19.